மேடை ஏறிய குறத்தி, மேடு வாங்கிய கவிராயர்

திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியதற்காகத் திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் விழுந்தது. பாட்டுக்கு நிலம் பரிசாக வந்த கதையைத் தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்வார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டில் தன் மலையின் அருவி, தேன், குரங்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அத்தனைக்கும் உரிமை கொண்டாடுகிறவள் குறத்தி. நிலத்தைப் பற்றி நம் இலக்கியத்தில் அவ்வளவு நெஞ்சு நிமிர்த்திப் பேசிய பெண்கள் குறைவு. பாட்டில் மலைக்குச் சொந்தக்காரி அவள். சாசனத்தில் மேட்டுக்குச் சொந்தக்காரர் கவிராயர்.

இதை மனதில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வருவோம். இங்கே விராலிமலைக்கென்றே ஒரு குறவஞ்சி இருந்தது. அதை ஆடிய கோயில் மரபில் வந்த ஒருவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வள்ளித் திருமணம் நாடகம் திருவிழாக் காலத்தில் இன்றும் விடிய விடிய நடக்கிற சீமை இது. குறத்தி வேடத்துக்கு இங்கே என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அந்த வேடம் யாரைப் பற்றியதோ அவர்களுக்கும், அதை ஆடிக் காப்பாற்றிய பெண்களுக்கும் நமது சபாக்கள், கல்லூரிகள், கோயில் விழாக் குழுக்கள், அரசுக் கலை நிறுவனங்கள் என்ன திருப்பிக் கொடுத்தன?

கேட்டவர்கள் கலைஞர்கள்

உலகத்தின் வேறு மூலைகளில் இந்தக் கேள்வி ஒரு சடங்காகவே மாறியிருக்கிறது. 1976இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த கலை விழாவுக்கு மாவோரிக் கலைஞர்களும் குக் தீவுக் கலைஞர்களும் ஆட வந்திருந்தார்கள். புது மண்ணில் கால் வைத்தால் அந்த மண்ணின் மக்கள் வந்து வரவேற்க வேண்டும் என்பது அவர்கள் முறை. வரவேற்காத நிலத்தில் எப்படி ஆடுவது என்று கேட்டுவிட்டார்கள். ரிச்சர்ட் வாலி, எர்னி டிங்கோ என்ற இரண்டு பழங்குடிக் கலைஞர்கள் முன்வந்து அந்த வரவேற்பை நடத்திக் கொடுத்தார்கள். இன்று ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் வரைக்கும் போய்விட்ட நில வரவேற்பின் இக்கால வடிவம் அங்கே தொடங்கியது என்பார்கள். சட்டம் போட்டு யாரும் கொண்டுவரவில்லை. ஆட வந்த விருந்தாளிகளுக்கு முறை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கனடாவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை தந்த பிறகு, இது இன்னாருடைய நிலம் என்று மேடையில் சொல்லும் நில ஒப்புகை பரவலானது. டொரொண்டோவில் நம்மவர்கள் நடத்தும் விழாக்களில், குத்துவிளக்கு ஏற்றித் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்த கையோடு, இந்த நிலம் மிசிசாகா, அனிஷ்னாபே, ஹோடினோசோனி, வெண்டாட் மக்களின் பாரம்பரிய நிலம் என்று வாசிப்பதைக் கேட்கலாம். வாசிப்பவர்களில் பலர் ஈழத்தில் காணியைவிட்டு ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகள். காணி போவது என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் வாயில் அந்த வரிகளுக்கு வேறு கனம் உண்டு. மற்றபடி, எல்லாச் சடங்குக்கும் வரும் விதி இதற்கும் வந்தது. ஒப்புக்கு வாசித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறார்கள் என்று பழங்குடி மக்களே கேலி செய்யும் நிலை.

ஒப்புக்குச் சொல்வதற்கும் உள்ளபடி கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை டொரொண்டோவே காட்டியிருக்கிறது. அந்த நிலத்தை ஆங்கிலேயர் 1805இல் வெறும் 10 ஷில்லிங் கொடுத்து எழுதி வாங்கினார்கள். மிசிசாகா மக்கள் விடாமல் உரிமை கோரி, 2010இல் கனடா அரசிடமிருந்து 14.5 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் துவாமிஷ் பழங்குடியினருக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அரசு கேட்கவில்லை, அவர்களாகவே கட்டுகிறார்கள்.

இதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து புதுக்கோட்டையில் நட முடியாது. யார் முதலில் வந்தது என்ற கேள்வி நம் ஊரில் ஆபத்தான கேள்வி. ஒவ்வொரு சாதிச் சங்கத்திடமும் ஓர் ஆண்ட பரம்பரைக் கதை அச்சடித்துத் தயாராக இருக்கிறது. நில ஒப்புகை என்று மைக்கில் ஆரம்பித்தால் அது ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்பது கத்தியும் அரிவாளும் பார்த்த எவருக்கும் தெரியும். ஆகவே யார் முதலில் வந்தார்கள் என்பதை விட்டுவிட்டு, யாருடைய வாழ்க்கையை மேடைக்கு எடுத்துக்கொண்டோம், எடுத்துக்கொண்ட பிறகு அவர்களை எங்கே உட்கார வைத்தோம் என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல வரலாற்றுச் சண்டை தேவையில்லை. கணக்குப் புத்தகமும் அழைப்பிதழும் போதும்.

விராலிமலை

திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு விராலிமலை என்றால் மயில். உள்ளூர்க்காரர்களுக்கு ஆறுமுகன், அவனுக்குப் படைக்கிற சுருட்டு. இங்கே முக்கியம் தலபுராணக் கதை. வேங்கையை விரட்டி வந்த ஒரு வேடன் குராமரத்தடியில் அதைத் தவறவிட்டு, அந்த இடத்தில் தெய்வத்தைக் கண்டுகொண்டான் என்பது ஐதீகம். மலையைக் கண்டது வேட்டைச் சமூகத்து ஆள் என்று கோயிலின் கதையே ஒப்புக்கொள்கிறது. முருகன் கட்டிக்கொண்ட வள்ளியும் குறக்குலத்துப் பெண். தமிழ்நாட்டுக் குறவர்கள் முருகனைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று உரிமையோடு சொல்வார்கள்.

இந்த மலைக் கோயிலில் சென்ற நூற்றாண்டின் முதல் பாதிவரை 32 தேவரடியார்கள் இருந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மரபில் கடைசியாகப் பொட்டுக் கட்டப்பட்டவர்களில் ஒருவர், முன்னே சொன்ன பத்மஸ்ரீ விருது பெற்ற விராலிமலை முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர். தகப்பனார் இராமச்சந்திரன் நட்டுவனார்தான் குரு. இருநூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிப் போய் ஆடவும் பாடவும் வேண்டும். தேவரடியார்களின் ஆட்டமான சதிரை ஆடுகிறவர் தானே பாடிக்கொண்டு ஆடுவார் என்பதை நம் தலைமுறை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. இப்போதைய பரதநாட்டிய மேடையில் பாடகர் ஓரமாக உட்கார்ந்து பாட, நர்த்தகி வாயசைக்கிறார். முத்துக்கண்ணம்மாளின் சதிரில் குரலும் காலும் ஒரே உடம்பில் இருந்தன.

புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3ஆம் தேதி இந்திய ஒன்றியத்தோடு சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் 1947இல் வந்திருந்தது. அந்தச் சட்டம் வேண்டியதா இல்லையா என்று இன்று வாதாடுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். குழந்தையை நேர்ந்துவிடுவது நின்றது நல்லதற்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோயில் வாசல் மூடிய பிறகு அந்தப் பெண்களுக்கு எந்த வாசல் திறந்தது என்று கேட்டால் பதில் சங்கடமானது. அவர்களுடைய ஆட்டம் அதற்கு முன்பே சென்னை போய்ப் பரதநாட்டியம் ஆகியிருந்தது. 1932இல் மியூசிக் அகாடமி அந்தப் பெயருக்கு ஒப்புதல் தந்தது, 1935இல் ருக்மிணி தேவி மேடை ஏறினார், 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆட்டத்துக்கு விலாசம் மாறியது. ஆடியவர்கள் பழைய விலாசத்திலேயே இருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் இல்லை. அந்த ஒழிப்பு இயக்கத்தின் தலைமகள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான், 1886இல். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவரடியார் சமூகத்தில் வந்தவர். முத்துலட்சுமி சட்டமன்றத்தில் நிலத்தையும் கையில் எடுத்தார். கோயில் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்ட இனாம் நிலம் இருக்கிறதே, ஊழியத்தை விட்டால் நிலமும் போகும் என்ற பயத்திலேயே பல குடும்பங்கள் பொட்டுக்கட்டுதலை விட முடியாமல் இருந்தன. 1929இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அவர்களுக்கே என்றது. நன்றியுரை வாசிப்பதைவிட ஒரு பட்டா எவ்வளவு பெரியது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னால் வந்த கலை ரசிகர்கள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

1944இல் இரண்டு குறத்திகள்

விராலிமலை மேடையில் குறத்தியாக வந்தவள் தேவரடியார் பெண். அந்தப் பெண்கள் ஒதுக்கப்பட்டபோது குறத்தி வேடம் இன்னொரு கைக்கு மாறியது. கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகம் எது தெரியுமா? 1944இல் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி. நல்ல தயாரிப்பு, இன்றுவரை பேசப்படுவது. அதே 1944இல் நிஜக் குறவர்கள் எங்கே இருந்தார்கள்? குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டத்தில் குறவர்களின் பல பிரிவுகள் பிறவிக் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. ஊர்விட்டு ஊர் போவதே காவல் நிலையத்துக்குக் கணக்குச் சொல்லவேண்டிய விஷயம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் போனது, நாடு முழுவதும் 1952இல். ஊர் ஊராகச் சுற்றி வந்த கதையைக் குறத்தி மேடையில் பெருமையாகச் சொல்ல, சபை கைதட்டிக்கொண்டிருந்த ஆண்டில், சுற்றுவதே அவளுடைய இனத்துக்குக் குற்றமாக இருந்தது. இதைக் கலாக்ஷேத்ராவின் பிழை என்று சொல்ல வரவில்லை. மேடைக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த சுவர் அவ்வளவு தடிமன்.

அந்தச் சுவர் இன்னும் முழுசாக இடியவில்லை. குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்ற அடிப்படை விவரமே பல நடனப் பள்ளிகளுக்குத் தெரியாது. நரிக்குறவர்கள் தங்களை வாக்ரி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. பாசிமணி கோப்பது தொழில். குறவர்கள் தமிழ் மலைக்குடிகளின் வழியில் வந்தவர்களாகத் தங்களைக் கருதுகிறவர்கள். கூடை முடைதல், குறி சொல்லுதல் என்று தொழில்களும் வேறு. இரண்டு சமூகத்தாரும் இந்தக் குழப்பத்தால் எரிச்சலடைந்து பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நாமோ குறத்தி வேடத்துக்கு வாக்ரிப் பெண்ணின் பாசிமாலையைப் போட்டு, ஒரு கூடையை இடுப்பில் சொருகி, பள்ளி ஆண்டு விழாவில் ஏற்றிவிடுகிறோம்.

அரசாங்கப் பட்டியலிலும் இழுபறிதான். நரிக்குறவர், குருவிக்காரர்களைத் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதுவரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பழங்குடியினர் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே பழங்குடியே கிடையாது என்று மேடையில் பேசினால் யாரும் மறுக்க வராத அளவுக்குச் சிறிய எண்ணிக்கை.

2023இல் இன்னொன்று நடந்தது. கரகாட்டக் குழுக்களோடும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளோடும் நடந்துவந்த ‘குறவன் குறத்தி ஆட்டம்’ எங்களைக் கொச்சைப்படுத்துகிறது என்று குறவர் அமைப்புகள் நீண்ட நாளாகப் போராடி வந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அனுமதிக்கக் கூடாது என்றது. மார்ச்சில் தமிழக அரசு நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்தே அந்தப் பெயரை நீக்கியது. சரியான நடவடிக்கை. ஆனால் பாதி நடவடிக்கை. பெயரை மாற்றிக்கொண்டு அதே இரட்டை அர்த்த ஆட்டத்தை ஆடுவதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? அதை வைத்துப் பிழைத்த ஏழை ஆட்டக்காரர்களுக்கு வேறு என்ன வழி? இவை இரண்டையும் கேட்டிருக்க வேண்டியவர்கள் கலை அமைப்புகள். பெரும்பாலானவை இதை நீதிமன்றச் செய்தியாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டன.

சினிமாவும் இதில் சேர்த்திதான். 2021இல் வந்த ‘ஜெய்பீம்’ பார்த்து நாடே கலங்கியது. அந்தப் படத்துக்கு அடிப்படையான உண்மைச் சம்பவத்தில், 1993இல் காவல்துறைச் சித்திரவதையில் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளராக வருகிறார். படத்தயாரிப்பு நிறுவனம் இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம், எத்தனை படக் கம்பெனி செய்கிறது? கொல்லப்பட்டவரின் மனைவி குடிசையில் இருக்கிறார் என்ற பேச்சு கிளம்பிய பிறகு, அவர் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகை அறிவிக்கப்பட்டது. வரிசை தலைகீழாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். யார் கதையோ அவர் வீட்டுக்கு முதலில் போவது என்பது கலைஞர்களுக்கு ஒரு முறையாகவே ஆக வேண்டும்.

மைக்கில் வாசிக்கப்படும் பெயர்கள்

நன்றி சொல்லும் முறை நமக்குத் தெரியாதா? நம்மைப்போல் மேடையில் நன்றி சொல்ல உலகத்தில் ஆளில்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளித் திருமணம் ஸ்பெஷல் நாடகமாக நடக்கிற எந்த ஊர்த் திடலுக்கும் போய்ப் பாருங்கள். ஆர்மோனியக்காரர் சாமி பாட்டுப் பாடிச் சபைக்கு வணக்கம் வைப்பார். ஊர்த் தெய்வம், ஊர்ப் பெரியவர்கள், விழாக் கமிட்டி, பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி உரிமையாளர் எல்லோர் பெயரும் வரும். நள்ளிரவில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் சூடு பிடிக்கும்போது நடுவில் நிறுத்தி, இன்னார் அன்பளிப்பு நூற்று ஒன்று என்று பபூன் வாசிப்பார். சபாவிலோ வரவேற்புரை அரை மணி, பொன்னாடை முக்கால் மணி. இத்தனை பெயர் வாசிக்கிற இடத்தில், தினைப்புனம் காத்த அந்தப் பெண்ணின் குலத்துக்காரர்கள் ஊர் எல்லையில்தான் இருக்கிறார்கள், அவர்களும் இந்தச் சபைக்கு உரியவர்கள் என்று ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? புதிதாக எந்தச் சடங்கையும் இறக்குமதி செய்ய வேண்டாம். பந்தலும் மைக்கும் தயாராக இருக்கின்றன.

வரி சேர்த்தால் மட்டும் ஆகிவிடாது. சபைக்கு உரியவர்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டு, திடலுக்குள் விடவில்லை என்றால்? புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி சுருக்கென்று குத்தும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே வந்தது. அதைப் பார்க்கப் போன அன்றைய ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் போக முடியாமல் இருந்த அந்த மக்களைத் தாமே கூட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் பரதநாட்டியக் கலைஞரும்கூட. நம் கிராமக் கலைகளில் பெரும்பாலானவை அய்யனார் கோயில் வாசலிலும் மாரியம்மன் கோயில் திடலிலும் நடப்பவை. எந்தத் திடலில் ஊரில் ஒரு பகுதியினர் தள்ளி நிற்க வேண்டுமோ, அங்கே ஆட மாட்டோம் என்று பெர்த்துக்குப் போன மாவோரிகளைப்போல் ஒரு குழு சொன்னால் அந்த ஊர் என்ன செய்யும்? முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும். அதனால் தனிக் கலைஞர் தலையில் இந்தப் பாரத்தை வைக்க முடியாது. சங்கமாகச் சொல்ல வேண்டும், பணம் கொடுக்கிற அரசுத் துறையும் பண்பாட்டு மையமும் அதை நிபந்தனையாக எழுத வேண்டும். மானியம் வாங்கும் விழா எல்லோருக்கும் திறந்த இடத்தில் நடக்க வேண்டும் என்று ஓர் அரசாணை போடுவது அப்படி ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை.

ஒதுக்கப்பட்டவர்களே தங்கள் கதையை மேடையில் சொல்வதற்கு அகமதாபாத்தில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. அங்குள்ள சாரா சமூகமும் குற்றப் பரம்பரை முத்திரை குத்தப்பட்டது. 1998இல் மேற்கு வங்கத்தில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் காவலில் இறந்ததை வைத்து, சாராநகர் இளைஞர்கள் நாடகம் போட ஆரம்பித்தார்கள். புதன் தியேட்டர் என்று அதற்குப் பெயர். எழுத்தாளர் மகாசுவேதா தேவியும் அறிஞர் கணேஷ் தேவியும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அந்த உதவி முதலில் வந்தது ஒரு நூலகமாக. மேடையை அந்த இளைஞர்களே பிறகு தேடிக்கொண்டார்கள். குறவர் பிள்ளை தன் வாயால் தன் கதையைச் சொல்லும் குறவஞ்சி ஒன்றைப் புதுக்கோட்டையில் எதிர்பார்ப்பது பேராசையா? மாவட்டத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. வாக்ரி, குறவர் குடியிருப்புகளில் மாலை நேரத்தில் ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொடுத்தால் போதும். என்ன ஆடுவது, எதை ஆடக் கூடாது என்று அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைகிற தாய்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க அதே அறையில் வாரம் ஒரு நாள் யாராவது உட்கார்ந்தால் அதுவும் கலைத் தொண்டுதான் என்பேன். ரசிகர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

கல்லில் இருக்கும் வழக்கம்

கலையைத் தந்தவர்களின் பெயரைச் சொல்வதற்குப் புதுக்கோட்டை மண்ணிலேயே பழைய சாட்சி உண்டு. குடுமியான்மலைக் குன்றில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. இந்திய இசை வரலாற்றை எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதைச் செய்வித்த அரசன் தன் பெயரை அதில் வெட்டிக்கொள்ளவில்லை. தான் உருத்திராசாரியாரின் மாணவன் என்று சொல்கிறான். மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்ததாகவும் சொல்கிறான். மகேந்திரவர்மனா வேறு யாருமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அரசன் பெயர் மறைந்தது, ஆசிரியர் பெயர் நிலைத்தது. அதே குடுமியான்மலையில் பாண்டியர் காலத்தில் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் அம்மன் சன்னதி எடுப்பித்ததையும் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்குக் கொடுத்த பெண்ணின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கும் நாகரிகம் ஏழு நூற்றாண்டுக்கு முன்னாலேயே இந்தச் சீமைக்கு இருந்திருக்கிறது.

விராலிமலையின் 32 பேருக்கும் படியடிவாரத்தில் ஒரு கல் வைக்க அறநிலையத் துறைக்கு என்ன செலவாகிவிடும்? பெயர்களை ஊரில் கேட்டுத் திரட்ட வேண்டும். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். சதிரைப் பற்றிய ஆய்வுகள் கடல் தாண்டி நடந்திருக்கின்றன. தவேஷ் சோனேஜியின் புத்தகம் 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அதில் விராலிமலைக்குத் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. யாரிடம் கேட்டு எழுதினார்களோ அந்தக் குடும்பத்துப் பேத்தி படிக்கத் தமிழில் வர வேண்டாமா? எடுத்த ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் எந்தப் பல்கலைக்கழகத்து அலமாரியில் இருந்தாலும் ஒரு நகல் திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கும் இன்னொரு நகல் அந்த வீடுகளுக்கும் வர வேண்டும். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. கல்லாகிப்போன மரத்தையே பத்திரமாக வைத்திருக்கும் இடத்துக்கு இது பெரிய பாரம் இல்லை.

காசைப் பற்றி நேராகவே பேசிவிடலாம். முத்துக்கண்ணம்மாளின் பாடத்தைக் கற்றுக்கொண்டு ஒருவர் சென்னை மார்கழி மேடையில் ஆடினால், நிகழ்ச்சிக் குறிப்பில் விராலிமலை என்ற ஊரும் அவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு அந்தக் குடும்பத்துக்கோ அங்கே சதிர் கற்கும் பிள்ளைகளுக்கோ போக வேண்டும். சினிமாப் பாட்டுக்கு உரிமத்தொகை கேட்டு வழக்குப் போடுகிற காலம் இது. சதிருக்கு மட்டும் மரபு, பொதுச்சொத்து, சேவை என்று பெரிய வார்த்தைகளைப் போட்டு மூடிவிடுகிறோம். குறவஞ்சி போடுகிற நடனப் பள்ளி, ஒத்திகைக்கு முன்பே குறவர் அமைப்புகளில் யாரையாவது கூப்பிட்டுப் பேச வேண்டும். பேசியதற்கு நிபுணர் கட்டணம் கொடுக்க வேண்டும், டீயும் வடையும் போதாது. அவர்கள் இந்த வேடம் வேண்டாம் என்று சொன்னால்? கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமையைக் கொடுக்காமல் கருத்துக் கேட்பதில் அர்த்தமில்லை.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியங்கள் இருக்கின்றன. வாரியம் என்ற ஒன்று இருப்பதையே அறியாத கலைஞர்களைத் திருவிழாச் சந்தையில் பாசிமணிக் கடைக்குப் பின்னால் எப்போதும் பார்க்கலாம். திருவிழா நோட்டீஸில் பத்துத் தலைமுறைப் புரவலர் படம் போடுகிற விழாக் கமிட்டி, அதே திருவிழாவில் கடை போடுகிற வாக்ரிக் குடும்பத்துக்குத் தரைவாடகையைத் தள்ளுபடி செய்யலாம். ராத்திரி அவர்கள் பிள்ளைகளோடு படுக்க ஓர் இடமும் கழிப்பறைச் சாவியும் கொடுக்கலாம். நிலத்துக்கு வாடகை கட்ட வேண்டியவர்கள் யார் என்ற சியாட்டில் கணக்கை நம் ஊர்ச் சந்தைத் திடலில் இப்படியாவது போட்டுப் பார்க்கலாம். பங்குனி, சித்திரை மாதங்களுக்கான நாடகத் தேதிகளை நடிகர் சங்கத்தில் எழுத ஆரம்பிக்கும்போதே கமிட்டிகள் கூடிவிடும். தரைவாடகைத் தீர்மானத்தை அந்தக் கூட்டத்திலேயே வைத்துவிடலாம்.